சின்னச் சுழி

பிளாட் ஆற்றுக்குத் தெற்கே
எங்கள் பக்கம் மலை கிடையாது.
ஏற்றக்கோணம் நடத்த
தானியக் கிடங்கின் நிழல் ஒன்றுதான் எனக்கு.
பதினோரு வருடமாக அதைத்தான் அளக்கிறோம்.
ஒவ்வொரு வருடமும் வேறு உயரம் வருகிறது,
கிடங்கு மட்டும் வளரவில்லை.

மார்ச்சில் சைன், கொசைன்.
பாதி வகுப்பின் கால்குலேட்டர்
ரேடியனில் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.
சைன் முப்பது போட்டால் மைனஸில் விடை.
முதல் கோணல்,
முற்றும் கோணல்.
கிடங்கு தரைக்குள் நூறு அடி போய்விட்டது.
"உள்ளே இருந்த சோளம்?" என்றான் வெய்லன் ஹ்ருஸ்கா.
சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரலில் துருவ ஆயத்தொலைவுகள்.
இதுவரை கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை.
இனிமேல் கை நீட்டிக் காட்டுவோம்:
அந்தப் பக்கம், இவ்வளவு தூரம்.
தீட்டா, ஆரம். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு அலைய வேண்டாம்.
விமானத்திலிருந்து பார்த்தால்
மாவட்டமே பச்சை நாணயங்களைக்
கொட்டிப் பரப்பிய மாதிரி.
வயலின் நடுவே ஒரு குழாய்க்கால்,
அதிலிருந்து கால் மைல் நீளக் கை,
சக்கரம் கட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே
மூன்று நாளைக்கு ஒரு சுற்று.
உள்சக்கரம் நகர்வதே தெரியாது.
கடைசிச் சக்கரத்துக்கு ஓய்வே இல்லை.
கோணம் ஒன்றுதான், வில் வேறு வேறு.
ரேடியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பலகையில் சதுரம் போட்டேன்: நூற்றறுபது ஏக்கர்.
உள்ளே வட்டம்: நூற்றிருபத்தாறு.
மிச்சம் முப்பத்துநான்கு, நான்கு மூலைகளில்.
"தண்ணீர் எட்டாத இடம்.
துருப்பிடித்த டிராக்டர், முள்செடி.
விட்டுவிடலாம்" என்றேன்.

யாரெட்ஸி ஒரோஸ்கோ
கை தூக்காமலே சொன்னாள்:
"மிஸஸ் செட்லாசெக், எங்கள் வீடு அங்கேதான்."

மூடாத மார்க்கர்
என் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

கோபமில்லை அவளுக்கு. தகவல் சொன்னாள்.
வடகிழக்கு மூலை, ட்ரெய்லர் வீடு.
அந்தக் கையை ஓட்டுகிறவர் அவள் அப்பா,
வயல் வேறொருவருடையது.
ஜூலையில், மூன்று இரவுக்கு ஒரு முறை
கை நாற்பத்தைந்து டிகிரிக்கு வரும்போது,
காற்றும் சேர்ந்துகொண்டால்,
நுனிப் பீச்சியின் தண்ணீர்
ஜன்னலில் சடசடவென்று விழும்.
தகரத்தில் சத்தம் ஏற ஏற
தம்பி போர்வைக்குள்ளிருந்து டிகிரி சொல்லுவான்.
அறுபது தாண்டினால் தவளைகள் மட்டும்.

வெய்லன்தான் வகுப்பை நகர்த்தினான்.
"ஆரம் மைனஸ் என்றால்?"
"தீட்டாவைப் பார்த்து நில். பின்னாலேயே நட."
எழுந்து நடந்தே காட்டினான்,
குப்பைத்தொட்டியில் போய் விழுகிறவரை.
யாருக்கும் அது மறக்கவில்லை.

தேர்வில் கடைசிக் கேள்வி:
உனக்குத் தெரிந்த ஓர் இடத்தைத்
துருவ முறையில் எழுது.
பலருக்கும் கிடங்கு. இருவருக்குக் கால்பந்துக் கம்பம்.
யாரெட்ஸி எழுதியது
(−480, 225).
மீட்டர் என்று ஓரத்தில், பென்சிலில்.

அதாவது, குழாய்க்காலடியில்
வீட்டுக்கு முதுகு காட்டி நின்று,
தென்மேற்கைப் பார்த்தபடியே
ஈரச் சோளத்தின் ஊடே பின்னால் நடந்து,
வட்டம் தீர்ந்து, புழுதியும் வந்து,
படிக்கட்டில் குதிகால் தட்டுகிறவரை.

டிகிரி போடவில்லை.

அந்தச் சின்னச் சுழி இல்லாவிட்டால்
இருநூற்றிருபத்தைந்து ரேடியன்.
வீடு முப்பத்தைந்து முறை சுழன்று,
இன்னும் முக்கால் சுற்றுக்கு மேலே போய்,
வடக்கே மண் சாலையைத் தாண்டி
யாரோ ஒருவர் நிலத்தில் உட்காரும்.
இரவு பதினொன்றரைக்கு
சமையலறை மேசையில் போட்டுப் பார்த்தேன்.

அரை மதிப்பெண் குறைத்தேன்.
குறைக்கத்தான் வேண்டும்.
பிறகு அதே சிவப்புப் பேனாவால்
ஐந்தின் தோள்மேல்
நானே அந்தச் சுழியைப் போட்டேன்,
கொஞ்சம் பெரிதாகவே.